ஆயுதம் கைவிடப்பட்ட வரலாறு: ஐரிஷ் குடியரசுப் படையும் 1918ஆம் ஆண்டின் மக்களாணையும்

ஆயுதந் தாங்கிய இயக்கங்களின் தோற்றம்பற்றி எழுதப்பட்டவை பல; அவை ஆயுதத்தைக் கைவிட்ட முறைபற்றி எழுதப்பட்டவை ஒப்பளவிற் சிலவே. ஓர் இயக்கம் ஏன் போருக்குச் சென்றது என்ற வினாவிற்கு அடக்குமுறை, நிலப்பறிப்பு, மதப்பாகுபாடு என விடை காண்பது பெரிதும் கடினமன்று. அது எக்காரணங்கொண்டு போரை நிறுத்திற்று, நிறுத்தியபோது தன் உறுப்பினர்க்கும் மாண்டோரின் குடும்பத்தினர்க்கும் என்ன சொல்லிற்று என்பனவே வரலாற்று மாணவனைத் திகைக்கவைக்கும் வினாக்களாகும். இவ்வகையில் ஐரிஷ் குடியரசுப் படை, அதாவது ஐ.ஆர்.ஏ., ஆராயத்தக்கதோர் இயக்கமாக விளங்குகின்றது.

இவ்வியக்கத்தைப் பிரித்தானியப் படைக்கும் சில துப்பாக்கிக்காரர்க்கும் இடையிலான மோதலாக மட்டும் நோக்குவோர் அதன் மிக முக்கியமான இயல்பொன்றைக் காணத் தவறிவிடுகின்றனர். ஐரிஷ் குடியரசு இனித் தோன்றவேண்டிய ஒன்றன்று. அது ஏற்கெனவே மக்களால் நிறுவப்பட்டுவிட்டது. அதன் சட்டபூர்வமான அரசாங்கம் நாமே என்பது ஐ.ஆர்.ஏ.யின் அடிப்படை நம்பிக்கையாக இருந்தது. துப்பாக்கி அந்நம்பிக்கையின் கருவி. ஆகவே துப்பாக்கியைக் கீழே வைக்குமாறு கேட்பது, அவர்கள் நோக்கில், ஓர் அரசாங்கத்தைப் பதவி விலகுமாறு கேட்பதற்குச் சமமானது. இந்நம்பிக்கைக்கு மாற்று ஒன்று கிடைத்தபின்னரே சமாதானம் கைகூடிற்று என்பதே இக்கட்டுரையாசிரியனின் கருத்தாகும்.

1916ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளான ஏப்ரில் 24ஆந் திகதி, டப்ளின் தலைமைத் தபாலகத்தின் முன்னின்று பற்றிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். எழுச்சி ஒரு வாரத்திற்குள் அடக்கப்பட்டது. நகர மக்களுட் பலர் அப்பொழுது கிளர்ச்சியாளரை வெறுப்புடனேயே நோக்கினர். ஆயின் அதன்பின் பிரித்தானிய இராணுவம் தலைவர்களை நாட்கணக்கில் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக்கொன்றமை, குறிப்பாகக் காயமுற்று எழுந்து நிற்கவும் இயலாதிருந்த ஜேம்ஸ் கொனொலியை நாற்காலியில் இருத்திச் சுட்டமை, பொதுமக்களின் மனத்தை முற்றாக மாற்றிற்று. 1918 டிசெம்பரில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் 105 ஆசனங்களுள் 73ஐச் சின்பெயின் கட்சி கைப்பற்றியது. வென்றோர் இலண்டன் பாராளுமன்றத்துக்குச் செல்ல மறுத்து, 1919 சனவரி 21இல் டப்ளினில் 'டொயில்' எனப்படும் மக்கள் மன்றத்தைக் கூட்டிச் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தனர். அதே நாளில் ரிப்பெறரி மாவட்டத்தின் சொலகெட்பெக் என்னுமிடத்தில் இரு பொலிசார் சுட்டுக்கொல்லப்பட்டனர். வாக்கும் வெடியும் ஒரே நாளிற் பிறந்தன எனலாம்.

இந்த 1918ஆம் ஆண்டுத் தேர்தலே பின்வந்த எண்பதாண்டுக் காலம் குடியரசுவாதிகளுக்கு வேதவாக்காயிற்று. ஆதலின் அதனைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். சின்பெயின் வென்ற ஆசனங்களுள் 25 போட்டியின்றிப் பெறப்பட்டவை. போட்டி நிகழ்ந்த தொகுதிகளில் அது பெற்ற வாக்குகள் மொத்த வாக்குகளிற் பாதிக்குச் சற்றுக் குறைந்தவையே. வடகிழக்கில், புரட்டஸ்தாந்தர் செறிந்து வாழ்ந்த பகுதிகளில், பிரித்தானியாவுடனான இணைப்பைக் காக்க விரும்பிய ஐக்கியவாதிகளே தெரிவாகினர். ஆணை இருந்தது என்பதில் ஐயமில்லை. அது தீவு முழுவதற்கும் ஒருமித்த ஆணையாக இருந்ததா என்பதே வினா. அவ்வினாவைக் கேட்க அக்காலக் குடியரசுவாதிகளுட் பலர் ஆயத்தமாக இருக்கவில்லை.

1920ஆம் ஆண்டுச் சட்டம் வடக்கின் ஆறு மாவட்டங்களைத் தனியாகப் பிரித்தது. 1921 யூலையிற் போர் ஓய்ந்து, டிசெம்பர் 6இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. எஞ்சிய இருபத்தாறு மாவட்டங்களுக்குக் குடியேற்றநாட்டு அந்தஸ்தும், அவற்றின் பிரதிநிதிகள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்யும் கடப்பாடும் அதன்வழி வந்தன. டொயில் அதனை 64க்கு 57 என்ற வாக்குகளால் ஏற்றது. ஏழு வாக்குகளால் ஒரு நாடு இரண்டுபட்டது. இன்று பிரிவினையே அவ்வுடன்படிக்கையின் பெருங்குறையாகக் கருதப்படினும், அன்றைய விவாதங்களிற் பெரும்பகுதி பிரமாணத்தைப் பற்றியதாகவே அமைந்தமை கவனிக்கத்தக்கது. 1922 யூனில் மூண்ட உள்நாட்டுப் போரில் நேற்றைய தோழர்கள் ஒருவரையொருவர் கொன்றனர். உடன்படிக்கையிற் கைச்சாத்திட்ட மைக்கல் கொலின்ஸ் ஓகஸ்ட் 22இல், தன் சொந்த மாவட்டமான கோர்க்கிலேயே பதுங்கித் தாக்கப்பட்டு மாண்டார். புதிய அரசு எழுபதுக்கு மேற்பட்ட கைதிகளுக்கு மரணதண்டனை நிறைவேற்றிற்று. இத்தொகை பிரித்தானியர் சுதந்திரப் போர்க்காலத்தில் நிறைவேற்றிய தண்டனைகளிலும் மிக்கது.

1923 மே 24இல், தோல்வியுற்ற ஐ.ஆர்.ஏ.யின் தளபதி பிராங்க் எய்க்கன் விடுத்த கட்டளை இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் போன்றது. சரணடையுமாறு அவர் கூறவில்லை. ஆயுதங்களை ஒப்படைக்குமாறும் கூறவில்லை. அவற்றை மறைத்துவைத்து வீடு செல்லுமாறே கூறினார். உடன்படிக்கை எதுவும் செய்யப்படவில்லை, தோல்வி எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை. குடியரசு மண்ணுக்குள் துப்பாக்கிகளுடன் உறங்கியது.

அடுத்த பத்தாண்டுகளில் நிகழ்ந்தது, பின்னர் பலமுறை மீள நிகழவிருந்த ஒன்றின் முதல் வடிவமாகும். டி வலெரா 1926இற் புதுக்கட்சி தொடங்கினார்; 1927இல், வெறுஞ் சடங்கே எனக் கூறிப் பிரமாணத்துக்குரிய ஏட்டிற் கையொப்பமிட்டு மன்றம் புகுந்தார்; 1932இல் ஆட்சியமைத்தார். அவ்வாட்சியிற் பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் வேறெவருமல்லர், ஆயுதங்களை மறைக்கச் சொன்ன எய்க்கனே. 1936இல் அதே அரசாங்கம் ஐ.ஆர்.ஏ.யைத் தடைசெய்தது. பெரும்பான்மையோர் அரசியலுட் புகுவர். எஞ்சியோர் 'உண்மையான குடியரசு' எம்மிடமே உள்ளது என்பர். உட்புகுந்தோர் ஒருநாள் எஞ்சியோரைச் சிறையிடுவர். இச்சுழற்சி ஐரிஷ் வரலாற்றிற் பழகிப்போன ஒன்றாயிற்று.

எஞ்சியோரின் சட்டவாதம் 1938 டிசெம்பரில் அதன் உச்சத்தை எய்திற்று. 1921இல் தெரிவான இரண்டாவது டொயிலின் உறுப்பினர்களுள் இறுதிவரை இணங்காதிருந்த எழுவர், தம்மிடம் எஞ்சியிருப்பதாகக் கருதிய அரசாங்க அதிகாரத்தை ஐ.ஆர்.ஏ.யின் இராணுவ சபைக்கு எழுத்துமூலம் கையளித்தனர். எழுவர் ஒப்பமிட்ட ஒரு தாளினால் ஒரு இரகசிய இராணுவம் ஒரு நாட்டின் அரசாங்கமாயிற்று! வெளியாருக்கு இது நகைப்பை விளைவிக்கலாம். ஆயின் அடுத்த அரை நூற்றாண்டில் ஐ.ஆர்.ஏ.யிற் சேர்ந்த இளைஞர்க்கு இது போதிக்கப்பட்டது. கொல்வதற்கும் மடிவதற்கும் உரிய நியாயம் இத்தாளிலிருந்தே பெறப்பட்டது. ஆகவே நகைத்துக் கடந்துசெல்ல முடியவில்லை.

மக்கள் இத்தகைய வாதங்களால் எப்பொழுதும் கவரப்பட்டனர் என்பதற்கில்லை. 1939இல் இங்கிலாந்தில் நடத்தப்பட்ட குண்டுவெடிப்புகள் பயனளிக்கவில்லை. 1956 முதல் 1962 வரை எல்லைப்பகுதியில் நடத்தப்பட்ட தாக்குதல்கள், பொதுமக்களின் ஆதரவின்மையைத் தாமே ஒப்புக்கொண்ட அறிக்கையொன்றுடன் முடிவுற்றன. 1960களில் ஐ.ஆர்.ஏ.யின் தலைவர் கதல் கோல்டிங் இடதுசாரி அரசியலின்பாற் சென்றார். வட அயர்லாந்தின் நிலைமை இவ்வாறே இருந்திருப்பின் இவ்வியக்கம் நூல்களின் அடிக்குறிப்புகளில் மட்டும் எஞ்சியிருக்கும்.

ஆனால் வடக்கில் ஐக்கியவாதக் கட்சி 1921 தொட்டு இடையறாது ஆண்டுவந்தது. வீடமைப்பிலும் தொழில்வாய்ப்பிலும் உள்ளூராட்சித் தொகுதி வகுப்பிலும் கத்தோலிக்கச் சிறுபான்மையினர் பாகுபாட்டுக்கு உள்ளாகினர். 1968 ஒக்டோபர் 5இல் டெரி நகரிற் குடியியல் உரிமை கோரிச் சென்ற ஊர்வலம் பொலிசாரின் தடியடிக்கு இலக்காயிற்று. 1969 ஓகஸ்டில் பெல்பாஸ்ற்றில் கத்தோலிக்கர் வாழ்ந்த தெருக்கள் எரியூட்டப்பட்டபோது அவர்களைக் காக்க ஐ.ஆர்.ஏ.யிடம் போதிய துப்பாக்கிகளும் இருக்கவில்லை. பிரித்தானியப் படை வீதிக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஐ.ஆர்.ஏ. பிளவுற்றது. பிளவுக்கான உடனடிக் காரணம் பெல்பாஸ்ற்றைக் காக்கத் தவறியமையன்று, பாராளுமன்றங்களில் ஆசனம் ஏற்பதா என்ற பழைய பிரச்சினையே என்பது வியப்புக்குரியது. பிரிந்து சென்றோர் 'தற்காலிக ஐ.ஆர்.ஏ.' எனப்பட்டனர். அவர்களே அரசாங்கத்தின் வாரிசுகள் எனச் சான்றளித்தவர், 1938இல் ஒப்பமிட்ட எழுவருள் உயிரோடு எஞ்சியிருந்த ரொம் மகுவயர்.

இக்கட்டுரையில் இனி ஐ.ஆர்.ஏ. எனப்படுவது இப்புதிய அமைப்பேயாகும். அதனை வளர்த்தவர்களுட் பிரித்தானிய அரசுக்கும் கணிசமான பங்குண்டு. 1971 ஓகஸ்ட் 9இல் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் முறை புகுத்தப்பட்டது. 1972 சனவரி 30ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, டெரியில் ஊர்வலஞ் சென்றோர்மீது பரசூட் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். மேலும் ஒருவர் பின்னர் இறந்தார். கொல்லப்பட்டோர் குற்றமற்றவர் என ஒரு பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க 2010ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. மறுபுறம், 1972 யூலை 21இல் பெல்பாஸ்ற் நகரில் ஐ.ஆர்.ஏ. சிறிது நேரத்துள் இருபது வரையான குண்டுகளை வெடிக்கவைத்து ஒன்பது பேரைக் கொன்றது. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

இவ்விரு சம்பவங்களுக்கும் இடையில் ஒரு பேச்சுவார்த்தை நிகழ்ந்தது. 1972 யூலை 7இல் ஐ.ஆர்.ஏ.யின் தூதுக்குழுவைப் பிரித்தானிய அரசே வானூர்தியில் இலண்டனுக்குக் கொண்டு சென்றது. குழுவில் இருபத்திமூன்று வயதான ஜெரி அடம்ஸும் இருபத்திரண்டு வயதான மாட்டின் மக்கின்னஸும் இருந்தனர். (தான் ஐ.ஆர்.ஏ. உறுப்பினனாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதே அடம்ஸின் மாறாத கூற்று. இக்குழுவில் அவர் எவ்வாறு இடம்பெற்றார் என வியப்போர் பலர்.) அயர்லாந்து மக்கள் அனைவரும் ஒரே அலகாக நின்று தம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை ஏற்கப்படல் வேண்டும், 1975 சனவரி 1க்குள் படைகள் வெளியேறல் வேண்டும் என அவர்கள் கோரினர். இரு நாட்களிற் போர்நிறுத்தம் முறிந்தது. 'ஒரே அலகாக' என்ற அத்தொடரை வாசகர் நினைவிற் கொள்ளல் நன்று. 1918இன் ஆணை அத்தொடருள் அடங்கியிருந்தது. ஐக்கியவாதிகள் அதற்குள் அடங்க மறுத்தனர்.

1976இலிருந்து கைதிகளின் அரசியல் அந்தஸ்து நீக்கப்பட்டது. சிறையுடை அணிய மறுத்த கைதிகள் போர்வை மட்டும் போர்த்திச் சிறைக்கூடங்களில் ஆண்டுக்கணக்காக இருந்தனர். 1981 மார்ச் 1இல் பொபி சான்ட்ஸ் உண்ணாவிரதந் தொடங்கினார். தம் சொந்த உடையை அணிதல், சிறைவேலை செய்யாதிருத்தல் முதலிய ஐந்து கோரிக்கைகளே முன்வைக்கப்பட்டன. அவ்வேளை பெர்மனா - தென் ரைறோன் தொகுதி உறுப்பினர் இறக்க, இடைத்தேர்தலிற் சான்ட்ஸ் நிறுத்தப்பட்டார். ஏப்ரில் 9இல் 30,492 வாக்குகளைப் பெற்று வெற்றியடைந்தார். மே 5இல், உண்ணாவிரதத்தின் 66ஆம் நாள், இருபத்தேழு வயதிற் பாராளுமன்ற உறுப்பினராகவே மாண்டார். ஒக்டோபரிற் போராட்டம் முடியுமுன் மேலும் ஒன்பது பேர் இறந்தனர். தட்சர் அம்மையார் அசையவில்லை. வெளியிலும் அவ்வாண்டில் ஐ.ஆர்.ஏ. பலரைக் கொன்றது, உண்ணாவிரதத்தின் சோகம் அவர்தம் வீடுகளை எட்டவில்லை.

பத்து மரணங்கள் ஐ.ஆர்.ஏ.யின் போர்க்குணத்தை முறுக்கேற்றின என்பதே பொதுவான கணிப்பு. அது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. வாக்குப்பெட்டி என்பது காட்டிக்கொடுப்போரின் கருவி எனக் கற்பிக்கப்பட்டுவந்த ஓர் இயக்கம், ஒரு தேர்தல் வெற்றி உலகின் பார்வையைத் திருப்பியதைத் தன் கண்ணாற் கண்டது. மாண்டவர்களுள் ஒருவரே வாக்கின் வலிமையைக் காட்டிச் சென்றமையால் அதனைத் துரோகம் எனத் தூற்றவும் எவராலும் இயலவில்லை. 1983இல் அடம்ஸ் மேற்கு பெல்பாஸ்ற்றில் வென்று அவ்வாண்டிலேயே சின்பெயினின் தலைவருமானார். துப்பாக்கியும் வாக்குச்சீட்டும் ஒருங்கே எனப் பேசப்பட்டது; ஆனால் குண்டு வெடிக்குந்தோறும் வாக்குகள் குறைந்தன. 1987 நவம்பரில் எனிஸ்கிலன் நகரில், போரில் மாண்டோரை நினைவுகூரக் கூடியிருந்த பொதுமக்கள் மத்தியில் வெடித்த குண்டு 11 பேரைப் பலிகொண்டபோது இம்முரண்பாடு எவர்க்கும் விளங்கலாயிற்று.

இதற்கு ஓராண்டின் முன், 1986 நவம்பரில், சின்பெயின் மாநாட்டிற் சமாதானத்துக்கான உண்மையான முதற்படி வைக்கப்பட்டது என்பது என் துணிபு. டப்ளின் பாராளுமன்றத்தில் ஆசனம் ஏற்பதெனப் பேராளர்கள் 429க்கு 161 என்ற வாக்குகளால் தீர்மானித்தனர். முன்னைய தலைவரான றூரி ஓ பிராடி, 1957இல் அதே மன்றத்துக்குத் தெரிவாகியும் ஆசனத்தைத் தொடாதவர், எதிர்த்துப் பேசிவிட்டுத் தன் ஆதரவாளருடன் மண்டபத்தை விட்டு வெளியேறினார். முதியவர் மகுவயர் இம்முறையும் சான்றளித்தார், ஆனால் வெளியேறியோருக்கே! 1969இல் அவர்தம் சொல்லால் அதிகாரம் பெற்ற அமைப்பு 1986இல் அச்சொல்லைப் பொருட்படுத்தாது விட்டது. எழுவர் ஒப்பமிட்ட தாளின் வலிமை அன்றே அற்றுப்போயிற்று. ஆயினும் போர் நிற்கவில்லை. போர் தொடரும் என்ற உறுதிமொழியே அத்தீர்மானத்துக்கு ஆதரவு திரட்டப் பயன்பட்டது; லிபியாவிலிருந்து வந்த ஆயுதங்கள் அவ்வுறுதிமொழிக்கு வலுவூட்டின.

இதன்பின் திரைமறைவில் நிகழ்ந்தவை பல. பெல்பாஸ்ற்றின் குளோனாட் மடத்துக் குருவான அலெக் றீட் தூது சென்றார். அரசியலமைப்புவழித் தேசியவாதிகளின் தலைவர் ஜோன் ஹியூம், தன் கட்சியினரே ஐயுற்றபோதும், 1988 முதல் அடம்ஸுடன் பேசிவந்தார். பிரித்தானியாவை வெளியேற்றுவது மட்டும் பிரச்சினையன்று, வெளியேற விரும்பாதவர் பத்து இலட்சத்துக்கும் அண்ணளவான ஐக்கியவாதிகளே என்பது ஹியூமின் இடைவிடாத வாதம். பயங்கரவாதிகளுடன் பேசமாட்டோம் என்ற பிரித்தானிய அரசும் இரகசியத் தொடர்பைப் பேணிவந்தமை 1993 நவம்பரில் வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 15இல் இரு பிரதமர்களும் வெளியிட்ட கூட்டறிக்கை, அயர்லாந்து மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டென ஏற்றது. ஆனால் அதனை இரு பகுதிகளும் தனித்தனியே, ஒரேவேளையில் வழங்கும் இணக்கத்தின்வழிப் பிரயோகிக்க வேண்டும் என்றது. 1972இன் 'ஒரே அலகாக' என்ற கோரிக்கைக்கும் இத்தொடருக்கும் இடையிலுள்ள தூரமே ஐ.ஆர்.ஏ. நடக்கவேண்டியிருந்த தூரம்.

1994 ஓகஸ்ட் 31இல் ஐ.ஆர்.ஏ. தன் நடவடிக்கைகளை முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. 'நிரந்தரமாக' என்ற சொல் அறிவித்தலில் இல்லை என்று இலண்டன் குறைகூறிற்று. பின்னர், பேச்சுக்கு முன் ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும் என்ற நிபந்தனை எழுந்தது. 1923இலேயே ஒப்படைக்காத ஆயுதத்தைத் தோல்வியுறாத நிலையில் ஒப்படைப்பதா என ஐ.ஆர்.ஏ.யினர் கொதித்தனர். 1996 பெப்ரவரி 9இல் இலண்டன் துறைமுகப் பகுதியில் வெடித்த குண்டு போர்நிறுத்தத்தை முறித்தது, இருவர் மாண்டனர். 1997 மேயில் ரொனி பிளேயரின் ஆட்சி வந்தது. யூலையிற் போர்நிறுத்தம் மீண்டது. செப்டெம்பரில் அமெரிக்கரான ஜோர்ஜ் மிச்சல் தலைமையில் நடந்த பேச்சில் சின்பெயின் அமர்ந்தது. மீண்டும் ஒரு குழு பிரிந்து சென்றது.

1998 ஏப்ரில் 10, பெரிய வெள்ளியன்று எட்டப்பட்ட உடன்படிக்கையின் விபரங்கள் பலரும் அறிந்தவை: அதிகாரப் பகிர்வு ஆட்சி, வடக்கு - தெற்கு அமைச்சர் சபை, இரு ஆண்டுகளுள் கைதிகள் விடுதலை, வடபகுதிப் பெரும்பான்மையோர் விரும்பும்வரை பிரித்தானியாவுடன் இணைப்பு. குடியரசுவாதி ஒருவர் இதனைத் தோல்வி எனக் கொண்டால் அவரைக் குறைகூற முடியாது. பிரிவினை நிலைத்தது, எல்லை நிலைத்தது, முன்னர் வெறுக்கப்பட்ட வடபகுதிச் சட்டசபையிலும் அமரவேண்டியதாயிற்று. இவற்றிற் பெரும்பகுதி 1973ஆம் ஆண்டின் சனிங்டேல் திட்டத்திலேயே இருந்ததைச் சுட்டிக்காட்டி, இடைப்பட்ட மரணங்கள் எதற்கு என்று வினவுவோரும் உளர். அத்திட்டத்தை ஐ.ஆர்.ஏ.யும் எதிர்த்தது, ஐக்கியவாதத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் கவிழ்த்தது என்ற விடை வினவுவோரை நிறைவு செய்வதில்லை. என்னையும் நிறைவு செய்யவில்லை.

உடன்படிக்கையின் வாசகங்களிலும் 1998 மே 22ஆந் திகதியே எனக்கு முக்கியமாகப் படுகின்றது. அன்று எல்லையின் இரு பக்கத்தாரும் வாக்களித்தனர். வடக்கில் 71.1 வீதத்தினரும் தெற்கில் 94.4 வீதத்தினரும் ஆதரித்தனர். இரு பகுதிகளிலும் கேட்கப்பட்ட வினா ஒன்றன்று. வடக்கில் உடன்படிக்கை பற்றியும் தெற்கில் வடபகுதிமீதான உரிமைக் கோரிக்கையை உள்ளடக்கிய யாப்பின் உறுப்புரைகளைத் திருத்துவது பற்றியும் கேட்கப்பட்டது. ஆயினும் தீவின் மக்கள் அனைவரும் அன்று ஒரே நாளில் வாக்களித்தனர். 1918இன் ஆணையைக் காட்டிப் போர் தொடுத்தோர்க்கு அதனை மேவக்கூடிய புதியதோர் ஆணை கிடைத்தது. இதனைத் திட்டமிட்டே அமைத்தவர் ஹியூம். குடியரசுவாதிகளின் வாதத்தை அவர்களது மொழியிலேயே எதிர்கொள்ளவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். மூன்று மாதங்களின்பின், ஓகஸ்ட் 15இல், பிரிந்துசென்ற குழுவினர் ஓமா நகரில் வெடிக்கவைத்த குண்டு 29 பேரையும் பிறவாத இரட்டைக் குழந்தைகளையும் கொன்றது. இவர்கள் யார் பெயராற் கொன்றனர் எனக் கேட்கும் உரிமை இம்முறை மக்களுக்கு இருந்தது.

ஆயுதப் பிரச்சினை மேலும் ஏழாண்டுகள் இழுபட்டது. 'ஒப்படைத்தல்' என்ற சொல் தவிர்க்கப்பட்டு, 'பயன்பாட்டுக்கு அப்பாற்படுத்தல்' என்ற சொற்றொடர் வழங்கிற்று. கனடிய ஜெனரல் ஜோன் டி செஸ்ரலேன் தலைமையிலான ஆணைக்குழு இதனை மேற்பார்வை செய்தது. தென்னாபிரிக்காவின் சிறில் ராமபோசாவும் பின்லாந்தின் மார்ட்டி அதிசாரியும் இரகசியக் கிடங்குகளைப் பார்வையிட்டனர். 2001 ஒக்டோபரில் முதற்றொகுதி அழிக்கப்பட்டது. ஆயுதக் களைவு தாமதித்தமையால் ஐக்கியவாதிகளின் மிதவாதத் தலைவர் டேவிட் ரிம்பிள் தன் மக்களிடம் செல்வாக்கிழந்தார். அவர் இடத்துக்குக் கடும்போக்காளரான இயன் பெய்ஸ்லியின் கட்சி வந்தது. சமாதானத்தில் முதலில் துணிந்தோர் முதலிற் பலியாயினர். ஹியூமின் கட்சியும் சின்பெயினுக்கு இடங்கொடுத்துப் பின்தள்ளப்பட்டது. ஆயுதங்கள் அழிக்கப்படுவதைப் படம்பிடிக்கவேண்டும் என்றார் பெய்ஸ்லி. அது அவமானம் என ஐ.ஆர்.ஏ. மறுத்தது. 2005 யூலை 28இல் போராட்டம் முடிந்ததென அறிவிக்கப்பட்டு, செப்டெம்பரில் எஞ்சிய ஆயுதங்கள் அழிக்கப்பட்டபோது புகைப்படக் கருவிக்குப் பதிலாக இரு மதகுருமார் சாட்சிகளாக நின்றனர். ஒருவர் அலெக் றீட். மற்றவர் மெதடிஸ்த போதகரான ஹரல்ட் குட்.

2007 மே 8இல் பெய்ஸ்லி முதலமைச்சராகவும் மக்கின்னஸ் துணை முதலமைச்சராகவும் பதவியேற்றனர். 1972இல் இலண்டனுக்குச் சென்ற அவ்விளைஞர் 2012இல் பிரித்தானிய மகாராணியுடன் கைகுலுக்கினார். தம் நாட்டு அனுபவத்தை எடுத்துரைக்க 2006இல் இலங்கைக்கும் வந்துசென்றவராதலால் அவர் பெயர் எம்மவர்க்குப் புதிதன்று. 2017இல் அவர் மறைந்தார். 2024 பெப்ரவரியிற் சின்பெயினின் மிஷல் ஓநீல் வட அயர்லாந்தின் முதலமைச்சரானார். கத்தோலிக்கர் நிரந்தரமாக ஆட்சிக்கு வெளியே இருக்கும்படி எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதியில் இது நிகழ்ந்தது.

மூன்று தசாப்தங்களில் 3,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 1,700 பேரைக் கொன்றது ஐ.ஆர்.ஏ. கைதிகள் உடன்படிக்கையின்படி விடுதலையாகினர். கொல்லப்பட்டோரின் குடும்பத்தினர், கொன்றவரை அதே வீதிகளில், அதே கடைகளிற் காணநேர்ந்தது. அவர்களிடம் எவரும் முன்கூட்டி இணக்கம் கேட்கவில்லை.

இயக்கத்தால் இரகசியமாகக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டோரும் உளர். 1972 டிசெம்பரில் பெல்பாஸ்ற் தொடர்மாடி வீடொன்றிலிருந்து பத்துப் பிள்ளைகளின் தாயான விதவை ஒருவர் கொண்டுசெல்லப்பட்டார். பிள்ளைகள் வெவ்வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். அவரைக் கொன்றதை ஐ.ஆர்.ஏ. ஒப்புக்கொண்டது 1999இல், உடல் கண்டெடுக்கப்பட்டது 2003இல், லவுத் மாவட்டக் கடற்கரையொன்றில். இத்தகையோரைத் தேட இரு அரசுகளும் 1999இல் ஆணைக்குழு ஒன்றை அமைத்தன. தகவல் தருவோர்மீது அத்தகவலைக் கொண்டு வழக்குத் தொடரப்படாது என்பது அதன் விதி. ஆயுதங்கள் யாவும் அழிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் சென்றபின்னரும், 2020களிலும், எல்லையோரச் சதுப்புநிலங்களில் அவ்வாணைக்குழுவினர் சிலரது உடல்களைத் தேடி மண்ணை அகழ்ந்துகொண்டிருந்தனர்.